நஞ்சு, நீர், உழைப்பு: சொட்டுநீர்க் குழாய்வழிப் பூச்சிநாசினியிடலின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

1. முன்னுரை

தொழினுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் ஒரு கருவியை ஆக்கினார், அதனால் விளைச்சல் பெருகிற்று என்ற வாய்பாட்டுக்குள் விவசாய வரலாற்று நூல்கள் பலவும் அடங்கிவிடுகின்றன. அக்கருவி யாருடைய தேவையையொட்டித் தோன்றியது, யாருடைய உழைப்பை இடம்பெயர்த்தது, அதன் தீங்கு யார்மேற் சுமத்தப்பட்டது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. மரக்கறிப் பயிர்களைக் காக்கும்பொருட்டுச் சொட்டுநீர்க் குழாயினூடாகப் பூச்சிநாசினியைச் செலுத்தும் முறையை இவ்வினாக்களுக்கு உட்படுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோர் இப்பொருளில் ஈடுபடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பூச்சிநாசினியைத் தமிழ்க் கமக்காரர் ‘மருந்து’ என்றே வழங்குவர். அதனைத் தெளித்தல் ‘மருந்தடித்தல்’ ஆகும். அதே நஞ்சை அருந்தி உயிர்துறத்தலும் ‘மருந்து குடித்தல்’ என்றே பேசப்படுகின்றது. நோய் தீர்ப்பதும் உயிர் போக்குவதும் ஒரே சொல்லால் உணர்த்தப்படுவதைத் தற்செயல் நிகழ்ச்சியென ஒதுக்கிவிட முடியாது. பொருளை விற்பவன் இட்ட பெயரும் பொருளைக் கையாண்டவன் பெற்ற அனுபவமும் அச்சொல்லினுள் மோதிக்கொள்கின்றன. மேலும், ‘அடித்தல்’ என்ற வினை ஒரு மனித உடலை வேண்டிநிற்பது: முதுகில் தாங்கியைச் சுமந்து, கையால் விசையை அழுத்தி, வரம்புவழி நடக்கும் உடல் அது. குழாய்வழி நஞ்சிடும் முறையில் அவ்வினை மறைந்துவிடுகிறது. வினை மறைந்தபொழுது அவ்வுடலுக்கு என்ன நேர்ந்தது? நஞ்சுக்கு என்ன நேர்ந்தது? இவையே நம் முன்னுள்ள கேள்விகள்.

இம்முறை முழுவளர்ச்சி பெற்ற களம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா, அரிசோனா, புளோரிடா ஆகிய மாநிலங்களின் மரக்கறி நிலங்களாகும். எனவே அக்களத்தையே முதன்மையாகக் கொள்வோம். நம் மண்ணுக்கு அது உணர்த்துவன யாவை என்பதை இறுதியிற் சுருக்கமாக நோக்குவோம்.

2. தெளிப்பின் காலம்

1867ஆம் ஆண்டு இருவகையில் நினைவுகூரத்தக்கது. மார்க்ஸின் ‘மூலதனம்’ முதலாம் தொகுதி வெளிவந்த ஆண்டு அது. ஐக்கிய அமெரிக்காவில் உருளைக்கிழங்கைத் தின்றழித்த கொலராடோ வண்டுக்கு எதிராகப் ‘பாரிஸ் பச்சை’ எனப்பட்ட ஆசனிக்குச் சேர்வை பயன்படத் தொடங்கியதும் ஏறத்தாழ அவ்வாண்டிலேயே. முதலாளித்துவ விவசாயத்தின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் சுரண்டும் கலையின் முன்னேற்றமாக அமைகின்றது என்ற கருத்தை, இயந்திரங்களைப் பற்றிய அதிகாரத்தின் முடிவில் மார்க்ஸ் முன்வைத்தார். லீபிக்கின் விவசாய இரசாயன ஆய்வுகளைக் கற்று, மண்வளம் நகருக்குச் சென்று திரும்பாமையையே அவர் கருத்திற் கொண்டிருந்தார். பூச்சிநாசினி அவர் நோக்கில் இருக்கவில்லை. எனினும் அவர் வகுத்த முறை அதனை விளக்கப் போதுமானது.

அதன் பின்னர் வந்த நூறாண்டுப் பூச்சிநாசினி வரலாற்றைத் தீங்கு நீங்கிய வரலாறு எனக் கொள்வதிலும் தீங்கு இடம்பெயர்ந்த வரலாறு எனக் கொள்வதே பொருந்தும். ஆசனிக்குச் சேர்வைகளின் எச்சம் பழத்தின் தோலில் தங்கி உண்பவரை அடைந்தது. ஐக்கிய அமெரிக்க அப்பிள்களில் அவ்வெச்சம் மிகுந்திருப்பதாக 1920களில் பிரித்தானியா முறையிட நேர்ந்தது. 1939இல் சுவிற்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தைச் சேர்ந்த போல் முல்லர் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நஞ்சு கையாள்பவனை உடனடியாக வீழ்த்தாது பறவையின் முட்டையிலும் விலங்கின் கொழுப்பிலும் சென்று தேங்கியதை றேச்சல் கார்சன் 1962இல் வெளியான தமது நூலில் உலகறியச் செய்தார். 1972இல் ஐக்கிய அமெரிக்கா அதன் விவசாயப் பயன்பாட்டை நிறுத்தியது.

அதன் இடத்தைப் பெருமளவு நிரப்பியவை சேதனப் பொசுபரசு நாசினிகள். இவற்றின் மூலம் ஜேர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில் கெர்காட் ஷ்ராடர் நடத்திய ஆய்வுகளிலே உள்ளது. 1936இல் அவர் கண்ட ‘தாபுன்’ போர்க்கால நரம்பு நஞ்சாயிற்று, 1944இல் ஆக்கிய பரத்தியோன் வயலுக்கு வந்தது. இவை மண்ணில் விரைவாகச் சிதைபவை. ஆதலால் பறவைக்கும் உண்பவருக்கும் ஒப்பீட்டளவில் இடர் குறைந்தது. ஆனால் தெளிக்கும் கணத்தில் கொடியவை. ஆதலால் தெளிப்பவனுக்கும் அறுவடை செய்பவனுக்கும் இடர் கூடியது. நுகர்வோரின் நலன் காக்கப்பட்டபொழுது அதன் விலை கூலியாளின் நரம்பிலிருந்து செலுத்தப்பட்டது. அங்கஸ் றைற் 1990இல் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை மெக்சிக்கோவின் குலியாக்கான் பள்ளத்தாக்கில் வைத்து விளக்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மாரிக்காலச் சந்தைக்குத் தக்காளி முதலியவற்றை விளைவிக்கும் களம் அது. அங்கு நஞ்சுண்டு இறந்த இளந் தொழிலாளியொருவனின் பெயரையே நூல் தலைப்பாகக் கொண்டுள்ளது.

கலிபோர்னியாவில் இத்தீங்கு அரசியல் வினாவாக எழுந்தது. மெக்சிக்கோத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் வரவழைத்த ‘பிறசேரோ’த் திட்டம் 1964இல் முடிவுற்றது. மறு ஆண்டு டெலானோவில் முந்திரிகைத் தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. 1970இல் உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் கூலியுடன் பூச்சிநாசினிக் கட்டுப்பாடும் இடம்பெற்றது. நஞ்சு தொழிற்சங்கத்தின் பேரப்பொருளாக அமைந்த இந்நிகழ்ச்சி வரலாற்று முக்கியத்துவம் உடையது. 1988இல் சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் அதே பிரச்சினையை முன்வைத்து 36 நாள் உண்ணாநோன்பு இருந்தார் என்பதிலிருந்து, ஒப்பந்தங்களால் அது தீர்ந்துவிடவில்லை என்பது தெளிவாகும்.

3. செடியினுள் நஞ்சு

தெளிப்புக்கு மாற்றான கருத்து ஒன்று ஏலவே தோன்றியிருந்தது. 1936இல் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹேர்ட்-கறர் அம்மையாரும் பூஸ் என்பவரும், செலனியம் கலந்த மண்ணில் வளர்ந்த செடிகளில் அழுக்கணவன் பூச்சிகள் வாழ முடியாமையை அறிவித்தனர். செடி வேரினால் உறிஞ்சிய நஞ்சு, அதன் சாற்றைக் குடித்த பூச்சியைக் கொன்றது. இலையின்மேல் நஞ்சைப் பூசுவதற்குப் பதிலாகச் செடியையே நஞ்சாக்கலாம் என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. செலனியம் மண்ணில் நிலைத்து மனிதருக்கும் கேடு விளைப்பதாகையால் அது நடைமுறைக்கு ஏற்றதன்று. ஊடுபரவும் சேதனச் சேர்வைகளை ஆக்கும் பணி ஷ்ராடர் போன்றோரின் கைக்குச் சென்றது.

இவ்வகையில் பரந்த வழக்குக்கு வந்தவற்றுள் யூனியன் கார்பைட் நிறுவனத்தின் அல்டிகாப் முதன்மையானது. 1970இல் பதிவுபெற்ற இது, மணியுருவில் மண்ணில் இடப்படுவது. தெளிப்பவனின் மூச்சுக்கு நஞ்சு செல்லாமை இதன் சிறப்பாகப் பேசப்பட்டது. ஆனால் நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவில், மணற்பாங்கான உருளைக்கிழங்கு நிலங்களின் கீழுள்ள நீரில் 1979இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிணறுகளில் மாநிலம் விதித்த அளவை அது விஞ்சியிருந்தது. 1985 யூலையில், அனுமதிக்கப்படாத வத்தகைப் பயிருக்கு அதனை இட்டமையால் கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இவற்றுக்கு இடையே, 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, அதே நிறுவனத்தின் போபால் தொழிற்சாலையிலிருந்து மெதைல் ஐசோசயனேற்று கசிந்து பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. கார்பமேற்று நாசினிகளின் மூலப்பொருள் அது. வயலில் தெளிப்பவனின் மூச்சைக் காத்ததாகக் கூறப்பட்ட ஒரு நஞ்சுக் குடும்பம், அதனை ஆக்கிய ஆலையைச் சூழ்ந்து வாழ்ந்த ஏழை மக்களின் மூச்சை அழித்தது. தீங்கின் இடப்பெயர்ச்சிக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு அரிது.

4. நீரின் வழி

நஞ்சின் கதை இவ்வாறிருக்க, நீரின் கதை வேறொரு திசையில் வளர்ந்தது. வேரருகே நீரைச் சிறிது சிறிதாக விடும் எண்ணம் பழைமையானது. நுண்துளையுள்ள மட்குடத்தை மண்ணிற் புதைத்துப் பயிர் வளர்க்கும் முறையைக் கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சார்ந்த சீன விவசாய நூலொன்று கூறுகின்றது. ஆனால் அதனைப் பெருநிலத்துக்கு விரிக்க மலிவான, வளையக்கூடிய, துருப்பிடியாத குழாய் தேவைப்பட்டது. 1933இல் பிரித்தானிய இரசாயனக் கூட்டுத்தாபனமான ஐ.சி.ஐ.யின் ஆய்வுகூடத்தில் எதிர்பாராத வகையிற் கிடைத்த பொலித்தீன் இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் காப்புப் பொருளாயிற்று. போருக்குப் பின் பொதுச்சந்தைக்கு வந்தது.

இப்பொருளைக் கொண்டு சொட்டுநீர்ப் பாசனத்தை வணிகத் தொழினுட்பமாக்கியவர் போலந்திற் பிறந்து பலஸ்தீனத்திற் குடியேறிய நீர்ப் பொறியியலாளர் சிம்ஹா பிளாஸ் ஆவார். கசியும் குழாயருகே நின்ற மரம் ஏனைய மரங்களினும் செழித்திருக்கக் கண்டதே அவருக்குத் தூண்டுதலாயிற்று என்பது பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அக்கதை வரலாற்றின் மேற்பரப்பு மட்டுமே. பிளாஸ் யூதக் குடியேற்றத்தின் நீர்த்திட்டங்களை வகுத்தோருள் முக்கியமானவர். ஜோர்தான் படுகையின் நீரைத் தெற்கே கொண்டுசென்ற தேசிய நீர்க்கால்வாய் 1964இல் இயங்கத் தொடங்கியபொழுது அரபு நாடுகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. மறு ஆண்டு, 1965இல், நெகெவ் பாலைநிலத்தின் ஹற்செரிம் கூட்டுப்பண்ணையுடன் பிளாஸ் உடன்பாடு செய்துகொள்ள, நெற்றாபிம் நிறுவனம் உருவாயிற்று. நிலவுரிமையும் நீருரிமையும் அரசியற் போராட்டமாயிருந்த ஒரு மண்ணில், குறைந்த நீரில் கூடிய நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவரும் தேவையிலிருந்தே இத்தொழினுட்பம் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1960களின் இறுதியில் இது தென் கலிபோர்னியாவின் அவகாடோத் தோட்டங்களை அடைந்தது. மெல்லிய நாடா வடிவக் குழாய் வந்தபின் ஸ்ரோபெரி, தக்காளி, கறிமிளகாய், முலாம்பழம் முதலியவற்றுக்கும் பரவியது. பிளாஸ்ரிக் தாளால் மூடிய பாத்தி, அதன்கீழ் ஓடும் குழாய், குழாயருகே நாற்று என்ற அமைப்பு நிலைபெற்றது. இவ்வமைப்பில் உரத்தைக் கரைத்து நீருடன் விடுவது எளிதாயிற்று. நைதரசன் உரம் அவ்வழியே செல்லலாயிற்று. அதற்கெனச் செலுத்து பம்பியும் வடியும் அழுத்தமானியும் பொருத்தப்பட்டன. உரம் சென்ற வழியிலேயே நஞ்சும் செல்லலாம் என்பது பொறியியல் அளவிற் சிறியதொரு அடியே. தேவைப்பட்டது நீரிற் கரைந்து, வேரினால் உறிஞ்சப்பட்டு, செடியில் சில வாரங்கள் நிலைத்து நிற்கும் ஒரு நஞ்சு மட்டுமே.

5. இரு வழிகளின் சந்திப்பு

அந்நஞ்சு 1985இல் யப்பானில் ஆக்கப்பட்டது. பேயர் நிறுவனத்தின் யப்பானியக் கிளையில் ஷின்ஸோ ககாபுவும் உடனாய்வாளரும் உருவாக்கிய இமிடாகுளோபிரிட், 1991இல் சந்தைக்கு வந்தது. நிக்கொட்டினைப் போன்று பூச்சியின் நரம்பு ஏற்பியிற் பற்றிக்கொள்ளும் இச்சேர்வை, முலையூட்டிகளின் ஏற்பிகளில் அத்துணை வலுவாகப் பற்றுவதில்லை. நீரில் இதன் கரைதிறன் லீற்றருக்கு ஏறத்தாழ 610 மில்லிகிராம். வேர் உறிஞ்சி, காழ்க் கலன்கள் வழி ஆவியுயிர்ப்பின் இழுப்பால் இலைக்கு ஏற அது போதுமானது.

அதே ஆண்டில், 1991இல், கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் வெள்ளை ஈயின் புதிய வகையொன்று பெருகி, இலையுதிர்கால முலாம்பழப் பயிரைப் பெருமளவில் அழித்தது. இலையின் அடிப்புறத்தில் ஒட்டி வாழும் இவ் ஈயைத் தெளிப்பு எளிதிற் சென்றடைவதில்லை. பல்லாண்டுத் தெளிப்பினால் அது பழைய நாசினிகள் பலவற்றுக்கு எதிர்ப்புத்திறனும் பெற்றிருந்தது. பருத்தியும் முலாம்பழமும் மாரிக்கால மரக்கறியும் ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாய் அதே வெளியில் விளைந்தமை ஈக்கு இடையறாத உணவாயிற்று. அஃதாவது, இந்நெருக்கடி இயற்கையின் சீற்றமன்று. குறித்ததொரு உற்பத்தி முறையின் விளைவு. 1993இல் அரிசோனாவில் சலாதுப் பயிருக்கு இமிடாகுளோபிரிட் அவசர அனுமதி பெற்றது. 1994இல் ஐக்கிய அமெரிக்காவில் முழுப் பதிவு கிட்டியது. பாத்தியின் மண்ணிலும், சொட்டுக்குழாய் இருந்த இடங்களில் குழாய்வழியும் அது செலுத்தப்பட்டது. புளோரிடாவில் வெள்ளை ஈ பரப்பும் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரசு 1997இல் கண்டறியப்பட்டபின் அங்கும் இம்முறை வலுப்பெற்றது.

முறையின் இயக்கத்தை இங்கு சுருக்கமாகக் கூறுதல் தகும். முதலிற் குழாய் முழுவதும் நீர் நிரம்பி அழுத்தம் சீராகும்வரை வெறும் நீர் விடப்படும். அடுத்து நாசினிக் கரைசல் மெதுவாகச் செலுத்தப்படும். மிகத் தொலைவிலுள்ள துளைக்கும் அது சென்று சேரும் நேரமாவது செலுத்துதல் நீடிக்க வேண்டும். பின்னர் மீண்டும் நீர்விட்டுக் குழாய் கழுவப்படும். கழுவும் நீர் மிகுந்தால் நஞ்சு வேரைத் தாண்டிக் கீழிறங்கிவிடும். குறைந்தால் குழாயிலேயே தங்கிவிடும். துளைகள் அடைபட்டிருப்பின் ஒரு செடி மிகையாகவும் மற்றொன்று குறையாகவும் பெறும். எனவே வடியும் அழுத்தமானியும் பயிற்சிபெற்ற கண்ணும் இன்றி இம்முறை நன்கு இயங்காது. இயங்குமிடத்து, ஒருமுறை இட்டது பல வாரம் பயனளித்துத் தெளிப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கின்றது. காற்றில் நஞ்சு பரவுவதில்லை. இலையைத் தின்னாத இரைகொல்லிப் பூச்சிகள் பல தெளிப்பின் நேரடித் தாக்கத்துக்கு உள்ளாவதில்லை.

2008இல் டியூபோன் நிறுவனத்தின் குளோரான்றனிலிப்புறோல் ஐக்கிய அமெரிக்காவிற் பதிவுபெற்றது. சாறு குடிக்கும் பூச்சிகளுக்கு இமிடாகுளோபிரிட் எவ்வாறோ, இலையும் காயும் தின்னும் புழுக்களுக்கு இது அவ்வாறு. பூச்சியின் தசைநாரில் கல்சியத்தைக் கட்டுப்பாடின்றி வெளிவிடச் செய்து அதனைச் செயலிழக்கச் செய்கின்றது. இதன் கரைதிறன் லீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே. ஆயினும் மிகச் சிறிய அளவே போதுமாகையால் இதுவும் சொட்டுக்குழாய்க்கு உகந்ததாயிற்று. 2012இல் நியூஜேர்சி, வேர்ஜீனியா, அரிசோனா, புளோரிடா ஆகிய மாநிலங்களின் பூச்சியியலாளரான கிடியூ, கூகார், பலும்போ, ஷுஸ்ரர் ஆகியோர் இணைந்து இம்முறையை மரக்கறிப் பீடை முகாமையின் ஒரு கருவியாகத் தொகுத்து எழுதினர். ஒரு நூற்றாண்டுத் தெளிப்புக்கு மாற்று உறுதிப்பட்டதை அக்கட்டுரை உணர்த்துகின்றது.

6. உழைப்பும் அறிவும்

இங்கு நாம் தெளிவாக ஒன்றைச் சொல்லவேண்டும். தெளிப்பவனின் முகத்திலிருந்து நஞ்சை அகற்றியது உண்மையான பேறு. அறுவடை செய்யும் பெண்ணின் கையில் இலையெச்சம் ஒட்டாமையும் உண்மையான பேறு. தொழினுட்பம் முதலாளித்துவத்தின் கையிற் பிறந்தது என்பதனால் அதனை மறுப்பது இயந்திரத்தை உடைத்த பழைய கைவினைஞரின் நிலைக்குத் திரும்புவதாகும். இயந்திரத்தையும் அதனைப் பயன்படுத்தும் சமூக முறையையும் வேறுபடுத்தி நோக்கத் தொழிலாளருக்குக் காலம் தேவைப்பட்டது என மார்க்ஸ் சுட்டியதும் இதனையே.

ஆயின், இப்பேறு யாரை நோக்கி வழங்கப்பட்டது? ஐக்கிய அமெரிக்காவில் 1992இல் திருத்தியமைக்கப்பட்ட தொழிலாளர் பாதுகாப்பு விதிகள், நாசினியிட்ட வயலுள் குறித்த மணிநேரம் வேலையாட்கள் புகலாகாது எனத் தடுத்தன. மண்ணினுட் செலுத்தப்பட்ட நாசினிக்கு அவ்விதிகளில் ஒரு விலக்கு உண்டு: இடப்பட்ட பொருளைத் தொடாத வேலையாயின் ஆட்கள் உள்ளே செல்லலாம். அஃதாவது, குழாய்வழி நஞ்சிடும் நாளிலும் வேலை தடைப்படவேண்டியதில்லை. தொழிலாளியின் உடலைக் காத்த அதே பண்பு வேலைநாளின் இடைவெளியையும் மூடியது. தெளிப்புக் கூலியும் உழவியந்திரத்தின் எரிபொருளும் மீதமாயின. தொழிற்சங்கம் இருபதாண்டு போராடிக் கோரியதில் ஒரு பகுதி, உற்பத்திச் செலவுக் கணக்கின் வழியாகவே வந்துசேர்ந்தது எனலாம். அவ்வாறு வந்தது அக்கணக்கு மாறும்பொழுது மீளப் பெறப்படவுங் கூடும் என்பதே இதிலுள்ள அரசியல்.

இரண்டாவது மாற்றம் அறிவு பற்றியது. 1959இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரேண், சிமித், வான் டென் பொஷ், ஹேகன் ஆகிய நால்வர் ‘ஒன்றிணைந்த கட்டுப்பாடு’ என்ற கருத்தை வகுத்தனர். பூச்சியைக் கண்டவுடன் நஞ்சிடாது, அதன் எண்ணிக்கை பொருளாதார இழப்பு ஏற்படும் எல்லையை அணுகும்பொழுது மட்டும் இடுக என்பது அதன் சாரம். வயலில் இறங்கி இலையைப் புரட்டிப் பார்க்கும் கண் அதற்கு அடிப்படை. குழாய்வழி இடும் ஊடுபரவும் நாசினியோ நாற்று நட்ட சில நாட்களுள், பூச்சி வருமுன்னரே, பெரும்பாலும் இடப்படுவது. தீர்மானம் இலையிலிருந்து நாட்காட்டிக்கும், கமக்காரனிடமிருந்து விற்பனையாளனின் அட்டவணைக்கும் நகர்கின்றது. நால்வருள் ஒருவரான வான் டென் பொஷ், ஆலோசகனும் விற்பனையாளனும் ஒருவனாயிருக்கும் முறையை 1978இல் வெளிவந்த தமது நூலில் கடுமையாகச் சாடியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

எதிர்ப்புத்திறனும் இதனோடு தொடர்புடையது. பல வாரம் செடியில் நிலைத்து நிற்கும் நஞ்சு, பூச்சியின் அடுத்தடுத்த தலைமுறைகளை ஒரே தெரிவுக்கு உட்படுத்துகின்றது. தெளிப்பாயினும் இது நிகழும்: புதிய புழுநாசினிகள் வந்து சில ஆண்டுகளிலேயே தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் கோவா தின்னும் வைரமுதுகு அந்து அவற்றை எதிர்த்து வாழக் கற்றுக்கொண்டது. ஒரே சேர்வையைக் குழாயிலும் தெளிப்பிலும் மாறிமாறி இடும் வயலில் இவ்வாபத்து மேலும் பெரிதாகும்.

7. நஞ்சு சென்ற இடம்

நஞ்சு தொழிலாளியை விட்டு நீங்கியது. நீங்கி எங்கே சென்றது? செடி உறிஞ்சுவது இட்டதில் ஒரு பகுதியே. எஞ்சியது மண்ணில் தங்கி, நீரோடு இறங்குகின்றது. செடியுட் சென்றது இலையோடு நின்றுவிடுவதில்லை. கனெற்றிக்கற்றைச் சேர்ந்த ஸ்ரோனர், ஐற்சர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மண்வழியும் சொட்டுக்குழாய்வழியும் இட்ட இமிடாகுளோபிரிட், தயாமெதொக்சாம் ஆகியன பூசணியின் மகரந்தத்திலும் பூந்தேனிலும் காணப்பட்டன. 2021இல் கனடாவின் ஒன்ராறியோவில் வில்லிஸ் சான், றேயின் ஆகியோர், மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட பூசணி வயலில் நிலத்துள் கூடு தோண்டும் தேனீக்கள் 85 சதவீதம் குறைவான கூடுகளையே தோண்டின என அறிவித்தனர். காயை உருவாக்கும் தேனீயை, காயைக் காக்கும் நஞ்சு அழிக்கின்றது. இம்முரண்பாடு வயலுக்கு வெளியிலிருந்து வந்ததன்று, முறைக்குள்ளேயே பொதிந்தது.

நெதர்லாந்தின் மேற்பரப்பு நீரில் இமிடாகுளோபிரிட் மிகுந்த இடங்களில் பூச்சியுண்ணும் பறவைகள் விரைந்து குறைந்தமையை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் மூன்று நியோனிக்கொட்டினோயிட் நாசினிகளைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றாக நிறுத்தியது. கலிபோர்னியா மாநிலத்தின் கட்டுப்பாடுகள் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அல்டிகாப்பின் வரலாற்றை அறிந்தோருக்கு இவற்றுள் எதுவும் வியப்பன்று. செடியின் வேரை அடையத்தக்கதாக நீரிற் கரையும் நஞ்சு, அதே பண்பினாற் கிணற்றையும் அடையும்.

கிணற்றை அடைய இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பம்பி திடீரென நின்றால் குழாயிலுள்ள கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு நீர்மூலத்தினுட் சென்றுவிடும். இதனை உணர்ந்த ஐக்கிய அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 1987இல், பாசனவழி இடப்படும் நாசினிகளின் சுட்டுத்துண்டிலேயே பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது: பின்னோட்டத்தைத் தடுக்கும் அடைப்பு, வெற்றிடந்தணிக்கும் அடைப்பு, தாழமுக்க வடிகால், நீர்ப்பம்பி நின்றால் நஞ்சுப்பம்பியும் தானே நிற்கும் பிணைப்பு. இமிடாகுளோபிரிட் தோன்றிச் சந்தைக்கு வருமுன்னரே சட்டம் வந்துவிட்டது. தொழினுட்பம் பரவுமுன் அதன் தீங்கைச் சமூகம் முற்கூட்டியே கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் சுண்ணாம்புக்கற் படையிலுள்ள தரைக்கீழ் நீரையே நம்பி நிற்பன. துலாவும் பட்டையும் நீங்கி நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் நீரும் உரமும் மிகுதியாகப் பயன்பட்டமையும், கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியமையும் ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியவை. நைத்திரேற்று இறங்கிய வெடிப்புகளின் வழியே கரையும் நாசினியும் இறங்கும். தோட்டத்துக்கு இறைப்பதும் குடிப்பதற்கு அள்ளுவதும் அயலயலான கிணறுகளிலாயின், சில வேளை ஒரே கிணற்றிலாயின், பின்னோட்டத் தடுப்பு இல்லாத ஒரு செலுத்து பம்பி ஒரு குடும்பத்தின் குடிநீரோடு விளையாடுவதாகும். சொட்டுநீர்ப் பாசனம் நீரைச் சேமிக்கின்றது என்ற நியாயம் இம்மண்ணில் வலுவானது. அந்நியாயத்தின் நிழலிலே நஞ்சிடும் முறை கேள்வியின்றி நுழைந்துவிடலாகாது.

அதேவேளை, நஞ்சு முழுவதையும் ஒரே ஆணையால் நீக்கிவிடலாம் என்பதும் பொருந்தாது. 2021இல் இரசாயன உரமும் நாசினியும் இறக்குமதி செய்தலை இலங்கை அரசு திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு முடியுமுன்னரே பின்வாங்கியதில் இழப்பைச் சுமந்தோர் சிறு கமக்காரரே. மாறாக, தேர்ந்தெடுத்த தடை பயன் தந்துள்ளது. நம் நாட்டில் தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தை அடைந்திருந்தது. அவ்வாண்டில் மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள சேதனப் பொசுபரசு நாசினிகளும், 1998இல் எண்டோசல்பானும் நீக்கப்பட்டபின், பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. ‘மருந்து குடித்தல்’ என்ற சொற்றொடர் மொழியில் இன்னும் இருக்கின்றது. ஆனால் அதனால் இறப்போர் தொகை குறைந்துள்ளது. கட்டுப்பாடு மனித உயிரைக் காக்கும் என்பதற்கு இதற்குமேற் சான்று வேண்டுவதில்லை.

தெளிப்பிலிருந்து குழாய்க்கு மாறியமை நஞ்சைக் கண்ணுக்குப் புலப்படாததாக்கியது. தெளிப்பவனின் இருமலும் மயக்கமும் தீங்கை அன்றே அறிவித்தன. தரைக்கீழ் நீரின் தீங்கைச் சோதனைக்கூடம் மட்டுமே, அதுவும் பல ஆண்டு கழித்தே, அறிவிக்கும். உடலாற் சுமந்தவன் போராடினான், சங்கம் அமைத்தான், ஒப்பந்தம் பெற்றான். நீருக்குச் சங்கமில்லை. எனவே சொட்டுக்குழாய்வழி நஞ்சிடும் முறையை ஏற்கும் எச்சமூகமும் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தல் வேண்டும்: பின்னோட்டத் தடுப்பு சட்டத்தால் கட்டாயமாதல், கிணற்று நீர் பொதுச் செலவில் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு முடிவுகள் மக்கள்முன் வைக்கப்படுதல், எப்பொழுது, எதனை, எவ்வளவு இடுவது என்ற தீர்மானம் விற்பனையாளனிடமன்றிக் கமக்காரரின் கூட்டுறவு அமைப்புகளிடம் இருத்தல். இவை தொழினுட்ப நிபந்தனைகள் போலத் தோன்றினும் உண்மையில் உடைமையும் அதிகாரமும் பற்றியவை. தொழிலாளியின் கையிலிருந்து நஞ்சை எடுத்த கருவி அதனைத் தொழிலாளியின் குழந்தை அருந்தும் நீரில் வைக்காதவாறு காப்பது அக்கருவியின் இயல்பினால் நிகழ்வதன்று; அதனைக் கையாளும் மக்களின் அமைப்புபூர்வமான விழிப்பினாலேயே நிகழும்.